டேங்க்குக்கு மேலே போகும் பைப்

வண்டியை மூடியிருந்த தார்ப்பாயை இழுத்ததும் டிரைவர் பக்கக் கதவின் அடிப்பகுதியும் அதோடு கழன்று வந்து தரையில் விழுந்தது. துரு அப்படித் தின்று வைத்திருந்தது. அண்ணன் குனிந்து அந்தத் தகரத்தை எடுத்து, உடைந்த தட்டை ஒட்டிப் பார்க்கும் குழந்தை மாதிரி, இருந்த இடத்திலேயே வைத்து அழுத்திப் பார்த்தான்.

“எச்சில் தொட்டு வைங்க, மெக்கானிக் சார். ஒட்டிக்கும்,” என்றாள் தங்கை.

ஷெட் வாசலில் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். ஊன்றுகோல்கள் இரண்டும் மடியில் குறுக்காகக் கிடந்தன. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கால்சட்டையின் அந்தப் பக்கத்தை மடித்து ஊக்குக் குத்தியிருந்தாள். ஊக்கு பளபளவென்றிருந்தது. அந்த ஷெட்டில் துருப்பிடிக்காத இரும்பு அது ஒன்றுதான்.

விபத்துக்கு முன்னால் அவள் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். நீ, வா, போ, தின்னு, தொலை என்றுதான் பேச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து சார், நீங்க, வாங்க. அசிங்கமாகத் திட்டியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. துறைமுகம் முழுக்க அவனை மட்டு மரியாதை இல்லாமல் பேச, கூடப் பிறந்தவள் ஒருத்தி மட்டும் மரியாதை கொடுத்தாள்.

அந்த பிக்கப் வண்டிக்கு வீட்டில் எருமை என்று பெயர். அப்பா வாங்கியது. அப்பா போன பிறகு ஓட்டுவது அவள், பழுது பார்ப்பது அவன். விடியற்காலையில் ஐஸ் தொழிற்சாலையில் கட்டிகளை ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கித் துறைமுகத்துக்குப் போவாள். மீனை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு வருவாள். ஐஸும் மீனும் நாள் முழுக்க உப்புத்தண்ணீரைச் சொட்டும். எருமை அந்தத் தண்ணீரைக் குடித்துக் குடித்துத் துருப்பிடித்தது. ஒரு நாள் சரிவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தாள். மிதி தரை வரைக்கும் போய் அங்கேயே படுத்துக்கொண்டது. தொழிற்சாலைச் சுவர்தான் வண்டியை நிறுத்தியது.

“பிரேக் பைப் உள்ளுக்குள்ள அரிச்சிருந்திருக்கு. டேங்க்குக்கு மேல மறைஞ்சு போற பைப். எந்த மெக்கானிக்குக்கும் தெரிய வாய்ப்பில்ல,” என்று அண்ணன் எல்லோரிடமும் சொன்னான். எல்லோரும் நம்பினார்கள். நம்பிவிட்டு, அவனிடம் வண்டி கொண்டுவருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவனுக்கு அரைகுறை என்று பெயர் வந்தது. “அரைகுறை இருக்கானா? சைக்கிளுக்குக் காத்து அடிக்கணும்” என்று வாசலில் நின்று சத்தமாகவே கேட்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே பம்பை எடுத்துக்கொண்டு வருவான். அரைகுறை என்ற பெயர் அவனுக்கு ஒரு குடை. அதற்குள் சுருங்கி நின்றுகொண்டால் நனையாமல் இருக்கலாம்.

அம்மாகூட அந்தக் குடையைத்தான் பிடித்தாள். “அவனுக்குத் தொழில் அவ்வளவுதான் வரும். வேணும்னேவா செஞ்சான், பாவம்?” என்று மகளிடம் கெஞ்சுவாள். ஆனால் அவன் ஷெட்டில்தான் படுக்க வேண்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். வீடு கூப்பிடு தூரம்கூட இல்லை. அம்மா தாளிக்கும் சத்தம் ஷெட்டுக்குக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் தட்டு வாசற்படிக்கு வரும், மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடியபடி. அவன் வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தனியாகச் சாப்பிடுவான். வீட்டுக்குள் அவன் நாற்காலியை என்ன செய்தார்கள் என்று ஒரு தடவை அம்மாவிடம் கேட்டான். “அவ ஊன்றுகோலைச் சாய்ச்சு வெக்கிறா” என்றாள்.

அப்படி வருடங்கள் போனபிறகு, ஒரு நாள் தங்கை தானாகவே ஷெட்டுக்கு வந்து சொன்னாள்: “எருமையை எழுப்புங்க. வண்டி ஆய்வுல பாஸ் ஆகணும். நான் கையால பிரேக் பிடிக்கிற மாதிரி ஒரு லிவர் வெச்சுக் கொடுங்க. இடது கால் இருக்கு, கிளட்சை அது பார்த்துக்கும்.”

“புதுசா ஒரு வண்டி பார்க்கலாமே. இது குப்பைக்குப் போகவேண்டியது.”

“எனக்கு இதேதான் வேணும். பாஸ் ஆனா, நீங்க வீட்டுக்குள்ள வர்றதைப் பத்திப் பேசலாம்.”

அதனால்தான் தார்ப்பாய் இறங்கியது.

சுவரில் மோதி நசுங்கிய முன்பக்கத்தை முதலில் பிரித்துப் போட்டான். காயலான் கடையில் கிடந்த இன்னொரு வண்டியின் மூக்கைக் கொண்டுவந்து மாட்டினான். எருமையின் உடம்பு வெள்ளை, புது மூக்கு பச்சை.

“யாரோ செத்தவனோட முகத்தை வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு,” என்றாள் தங்கை பெட்டியிலிருந்து.

“பெயின்ட் அடிச்சா தெரியாது.”

“பெயின்ட்ல நீங்க கெட்டிக்காரர்னு தெரியும் சார்.”

அவன் பெயின்ட் டப்பாவை ஓரமாகத் தள்ளினான். பிறகு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, அதன் முதுகெலும்பான சேசிஸைச் சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே போனான். நல்ல இரும்பு ணங்கென்று பேசும். செத்த இரும்பு சொத்தென்று முனகும். ஆய்வாளரும் இதே மாதிரிதான் தட்டிப் பார்ப்பார். இந்தத் தொழிலில் அரைகுறைகள் ஓட்டைக்குள் பழந்துணியைத் திணித்து, மேலே பட்டி பூசி, கறுப்பு அடித்துவிடுவார்கள். அண்ணன் இந்த முறை அப்படிச் செய்யவில்லை. சொத்தென்ற இடத்தையெல்லாம் கிரைண்டரால் வெட்டி எடுத்தான். தடித்த தகடு வெட்டி, வளைத்து, உட்காரவைத்து, விளிம்பு முழுக்க வெல்டிங் ஓட்டினான். பொறி பறந்து கழுத்துக்குள் விழும். துடைத்துக்கொள்ளக்கூட நிறுத்தமாட்டான்.

தங்கை தினமும் வந்து பெட்டியில் உட்கார்ந்தாள். வேலை பார்க்க வந்தவள் மாதிரி நேரத்துக்கு வருவாள், நேரத்துக்குப் போவாள்.

“அம்மா, ஷெட்ல இப்ப ரெண்டு எருமை,” என்று வீட்டைப் பார்த்துக் கத்துவாள். “ஒண்ணுக்குத்தான் சக்கரம்.”

அவன் ஸ்பானருக்காகக் கையை நீட்டினால், ஊன்றுகோலின் நுனியால் அதை இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுவாள். அவன் புழு மாதிரி நெளிந்து வெளியே வந்து எடுத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே போவான். “எழுந்து எடுக்கிறது கஷ்டமா இருக்கா? எனக்கும் அப்படித்தான் சார்.” ஒரு நாள் ஜாக்கியின் கைப்பிடியில் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு, “இதை அழுத்தினா வண்டி இறங்குமா?” என்று சாதாரணமாகக் கேட்டாள். அவன் மார்பு சேசிஸுக்கு நேர் கீழே இருந்தது. “இறங்கும்,” என்றான். அவள் கைப்பிடியைத் தொட்டும் தொடாமலும் கோலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவன் நகரவில்லை. நகர்ந்தால் குற்றவாளி என்று ஆகிவிடும்போல அவனுக்குத் தோன்றியது. கடைசியில் அவள் கோலை எடுத்துவிட்டு, “தெரிஞ்சு வெச்சுக்கலாம்னுதான் கேட்டேன்,” என்றாள்.

சேசிஸ் முடிந்த பிறகு டீசல் டேங்க்கை இறக்கினான்.

அது அவனுக்கு மிகவும் பிடித்த வேலை. ஒரு பலகையை ஜாக்கியின் தலையில் வைத்து டேங்க்கின் வயிற்றில் முட்டுக்கொடுத்தான். பட்டைகளின் போல்ட்டுகளைக் கழற்றினான். குழாய்களைப் பிடுங்கி, வாயில் துணியடைத்துக் கட்டினான். ஜாக்கி இறங்க இறங்க, டேங்க் தூங்கும் குழந்தையைத் தோளிலிருந்து இறக்குவதுபோல மெல்ல இறங்கியது. ஒரு சொட்டு டீசல் சிந்தவில்லை. இவ்வளவு வருடம் சைக்கிளுக்குக் காற்றடித்த கை அது. மறந்திருக்கும் என்று பயந்திருந்தான். மறக்கவே இல்லை. அந்தச் சந்தோஷம் அவன் தலைக்கு ஏறியது.

“பார்த்தியா? ஒரு சொட்டு கீழ விழல. மீன் வண்டின்னா முதல்ல டேங்க்கைத்தான் இறக்கணும்,” என்றான், வண்டிக்கு அடியிலிருந்தபடியே. “உப்புத்தண்ணி மேல இருந்து சொட்டும்ல, அது டேங்க் முதுகுலதான் தேங்கும். அங்க போற பிரேக் பைப்பைத்தான் முதல்ல தின்னும். எங்க வேணா துரு இருக்கலாம், ஆனா இங்க இருந்தே தீரும். ஸ்பானர் பிடிச்ச முதல் வருஷத்துலயே தெரிஞ்சுக்கிட்டது இது. இது தெரியாதவன் மீன் வண்டியைத் தொடவே கூடாது.”

வெளியே ஊன்றுகோல் தரையைத் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

அவன் அதைக் கவனிக்கவில்லை. அவன் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். டேங்க் இருந்த இடத்தில் பழைய பைப் தொங்கியது, நடுவில் வெடித்து, சின்ன மீனின் வாய் மாதிரி திறந்து. அதற்குச் சற்றுத் தள்ளித் துரு கொஞ்சம் தேய்ந்திருந்தது. ஒரு விரல் தடவின அகலம்.

அவன் விரல்தான். விபத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால், மறுநாள் ஆய்வு. ஓட்டைகளை அடைத்து, கறுப்பு அடித்து, குளித்து, நண்பன் வீட்டு விருந்துக்குப் போகப் புது நீலச் சட்டை மாட்டிக்கொண்ட பிறகு, கடைசியாக ஒரு பார்வை என்று ஷெட்டுக்கு வந்தான். டேங்க்குக்கு மேலே இருந்த சந்துக்குள் விரலை விட்டான். பைப் சொரசொரவென்றிருந்தது. விரலை எடுத்தபோது துரு செதில் செதிலாக உதிர்ந்தது. டேங்க்கை இறக்க வேண்டும். இறக்கினால் சட்டையில் டீசல் படும். ஆய்வாளர் அங்கே பார்க்கமாட்டார். அடுத்த வாரம் இறக்கிக்கொள்ளலாம். விரலைத் துடைத்துக்கொண்டு விருந்துக்குப் போனான். எருமை மறுநாள் பாஸ் ஆனது. அடுத்த வாரம் வேறொரு அடுத்த வாரத்துக்குப் போனது.

அவன் பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

“அந்தத் துணி என்ன?” என்று கேட்டாள் தங்கை. “உன் நீலச் சட்டை மாதிரி இருக்கு.”

உன்.

அவள் கேட்டது சட்டையைப் பற்றி. அவன் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். இத்தனை வருடம் கழித்து, உன்.

“ஆமா, அதேதான். பழசாயிடுச்சு, வேஸ்ட் துணிக்கு வெச்சிருக்கேன்,” என்றான்.

“அந்த விருந்துக்குப் போட்டப்போ புதுசா இருந்துச்சே.”

“ஆமா.”

“சரி. வேலையைப் பாருண்ணா,” என்றாள் அவள். ஊன்றுகோல்கள் வீட்டை நோக்கி மெதுவாகப் போயின. அவன் வண்டிக்கு அடியிலேயே படுத்து அழுதான். எண்ணெய்க் கறையோடு கண்ணீர் காதுக்குள் போனது. கடைசியில் மனசு இறங்கிவிட்டது அவளுக்கு என்று நினைத்தான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப்போல அவன் வாழ்க்கையில் வந்ததில்லை. தங்கை ஸ்பானர்களை எடுத்துக் கொடுத்தாள். டீ கொடுத்தனுப்பினாள். ஒரு நாள் தட்டை அம்மாவுக்குப் பதில் அவளே கழுத்தில் தூக்குப்பை மாட்டிக்கொண்டு, ஊன்றுகோல் ஊன்றிக் கொண்டுவந்தாள். “அண்ணா, அந்தப் பைப் புதுசுதானே போடுற? பழசை ஒட்டுப்போடலையே?” என்று மட்டும் அடிக்கடி கேட்டாள். “முழுக்கப் புதுசு,” என்று காட்டினான். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை செம்பு நிறத்தில் மின்னியது. அவள் அதைத் தடவிப் பார்த்தாள், விரலால், நிதானமாக.

கை லிவரை அவள் உயரத்துக்கு அளந்து வைத்தான். முன்னால் தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். பிடியில் சைக்கிள் கைப்பிடி ரப்பரை மாட்டியிருந்தான். ஸ்டியரிங்கில் ஒற்றைக் கையால் திருப்ப ஒரு குமிழ். ஷெட்டுக்கு முன்னால் இருந்த காலி இடத்தில் எருமை உறுமிக்கொண்டு முன்னே போய்ப் பின்னே வந்தபோது, அம்மா சமையலறை ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள். தங்கை சிரித்தாள். கடைசியாக அவள் எப்போது சிரித்தாள் என்று அம்மாவுக்கும் மகனுக்கும் ஞாபகம் வரவில்லை.

“நாற்காலியைத் துடைச்சு வெச்சிருக்கேன்டா,” என்று அம்மா அவன் காதில் மட்டும் சொன்னாள்.

ஆய்வு நிலையத்தில் வரிசை நீளமாக இருந்தது. ஆய்வாளர் குள்ளமான ஆள். டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கி, எருமையின் வயிற்றைச் சுத்தியால் தட்டினார். ணங், ணங், ணங். அண்ணன் ஒவ்வொரு ணங்குக்கும் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தான். ஒரு இடத்தில் சுத்தி நின்றது. டார்ச் அங்கேயே நின்றது. பிறகு மறுபடியும் ணங். பிரேக்கைச் சோதிக்கிற உருளைகளின் மேல் வண்டியை ஏற்றச் சொன்னார். தங்கைதான் ஏற்றினாள். லிவரைத் தள்ளினாள். நாலு சக்கரமும் ஒரே மாதிரி கவ்வி நின்றன.

ஆய்வாளர் மேலே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, “யாரு பார்த்தது இதை?” என்றார்.

“எங்க அண்ணன்,” என்றாள் தங்கை வண்டிக்குள்ளிருந்து.

“வேலை தெரிஞ்ச கை. குறை சொல்லலாம்னு தேடித் தேடிப் பார்த்தேன், சிக்கல. இந்தக் கையை வெச்சுக்கிட்டு எங்கப்பா இருந்த இத்தனை நாளா?”

அண்ணன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். குடை இனிமேல் வேண்டாம் என்று தோன்றியது. வெயில் முகத்தில் பட்டது, நன்றாக இருந்தது.

“சார், ஒண்ணு கேக்கணும்,” என்றாள் தங்கை. “டேங்க்குக்கு மேல ஒரு பைப் போகுதே. அதை நீங்க பார்ப்பீங்களா?”

“எட்டுற வரைக்கும்தாம்மா எங்க சுத்தி. டேங்க்கை இறக்கச் சொல்ல முடியாது. அது மெக்கானிக் பார்க்க வேண்டியது.”

“மெக்கானிக்குக்குத் தெரியுமா, அங்க துரு இருக்கும்னு?”

“மீன் வண்டி பார்க்கிறவனுக்கா? தெரியாம எப்படி இருக்கும்?” என்று சிரித்துக்கொண்டே ஆய்வாளர் கண்ணாடியில் பாஸ் வில்லையை ஒட்டினார். ஓரங்களைக் கட்டைவிரலால் நீவிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

தங்கை வண்டியை வெளி வாசல் பக்கமாக ஓரம் கட்டினாள். அண்ணன் ஓடிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்தான். சீட்டில் ஊன்றுகோல்கள் இரண்டும் நீட்டிப் படுத்திருந்தன.

“கொஞ்சம் எடுத்துக்கவா?”

“அதுங்க முதல்ல உட்கார்ந்துடுச்சே.”

“சரி, பின்னால ஏறிக்கிறேன்.”

“பின்னால மீன்தான் ஏறும்.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு முகத்தில் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

“வீட்டுக்குப் போய்ப் பேசலாம்னு சொன்னியே,” என்றான்.

“இங்கயே பேசிடலாம். அம்மா எதுக்கு நடுவுல?” அவள் வில்லையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “நீ அரைகுறைன்னு ஊரே சொல்லுச்சு. நானும் அதைத்தான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். வேலை தெரியாத ஆள்கிட்ட வண்டியை விட்டது என் புத்திகெட்டதனம்னு என்னையே திட்டிக்குவேன். அப்படியே போயிருந்தா ஒரு நாள் உன்னை வீட்டுக்குள்ள விட்டிருப்பேன். இந்த வண்டியை உனக்குச் சரி பண்ண வராது, எங்கயாவது சொதப்புவ, ஆய்வுல ஃபெயில் ஆகும், சரி பாவம், இவனுக்கு நிஜமாவே வராதுன்னு கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிடலாம்னுதான் நினைச்சேன்.”

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“நீ டேங்க்கை இறக்கினப்போ பார்த்தேன். ஒரு சொட்டு கீழ விழல. அங்க துரு இருந்தே தீரும்னு நீயே சொன்ன.”

“அன்னைக்கே தெரிஞ்சுதா உனக்கு?”

“அன்னைக்கேதான்.”

“அப்புறம் ஏன் அண்ணா அண்ணான்னு... தட்டெல்லாம் கொண்டுவந்து...”

“பைப் இன்னும் மாட்டலையே. கை நடுங்காம மாட்டணும்ல? நான்ல ஓட்டப்போறேன்.”

பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பொறு என்று காட்டினாள். பிறகு சீட்டுக்கடியில் கிடந்த எண்ணெய்த் துணியை எடுத்து மடியில் விரித்தாள். காலர் இன்னும் இருந்தது. ஒரு பொத்தானும் இருந்தது.

“அந்த விருந்து அன்னைக்கு இதைத்தானே போட்டிருந்த?”

அவனுக்கு ஆயிரம் சொல்லவேண்டியிருந்தது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன், உனக்கு இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால், இத்தனை வருடம் நான் தூங்கியதே இல்லை.

“புதுசு,” என்றான். அது ஒன்றுதான் வெளியே வந்தது.

அவள் தலையை ஆட்டினாள், கணக்கு சரியாக இருக்கிறது என்பதுபோல. துணியைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தாள்.

“அம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நாற்காலியைத் துடைச்சு வெச்சுட்டு உட்கார்ந்திருக்காங்க. தெரிஞ்சே விட்டதை நீங்களே போய்ச் சொல்லுங்க. சொல்ல வாய் வரலைன்னா அரைகுறையாவே இருந்துக்கோங்க. தட்டு வழக்கம்போல ஷெட்டு வாசலுக்கு வரும். கதவைச் சாத்துங்க, மெக்கானிக் சார். மெதுவா. புதுத் தகரம்.”

அவன் மெதுவாகச் சாத்தினான். கதவு கச்சிதமாகப் பொருந்தியது.

எருமை பச்சை மூக்கை வெயிலில் காட்டிக்கொண்டு வெளி வாசலை நோக்கிப் போனது. அங்கே சாலைக்கு முன்னால் இருந்த வெள்ளைக் கோட்டில் பிரேக் விளக்குகள் இரண்டும் எரிந்தன. வண்டி ஒரு விரல்கூட முன்னே போகாமல் நின்றது. எனக்காகத்தான் நிற்கிறாள் என்று அண்ணன் சட்டைத் துணியைக் கையில் பிடித்தபடி ஓடினான். சாலையில் ஒரு பஸ் கடந்து போனது. பிரேக் விளக்குகள் அணைந்தன.